வாசகர் கேள்வி – பதில்: ஆற்றுக்கும் பட்டா உண்டா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் எக்ஸெட்டரில் படிக்கிறாள். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டும் குழுவினருடன் ஆற்றில் இறங்கியபோது, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், “இது தனியார் ஆறு, வெளியேறுங்கள்” என்று சத்தம் போட்டாராம். ஆற்றுக்கு எப்படி ஐயா பட்டா கொடுத்தார்கள்? (வாசகி, திருச்சி)

பதில்: ஆறு என்றாலே அரசுப் புறம்போக்கு என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓடுகிற நீர் எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்த நீருக்கு அடியில் கிடக்கும் மண்ணும் கல்லும், கடலின் ஏற்ற இறக்கம் எட்டாத பகுதிகளில், பெரும்பாலும் கரையில் நிலம் வைத்திருப்பவரைச் சேர்ந்தவை. இரு கரைகளும் வெவ்வேறு ஆட்களிடம் இருந்தால் ஆற்றின் நடுக்கோடு வரை ஆளுக்குப் பாதி. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் முழுப் படுகையும் அவருடையது. ஆகவே அனுமதியின்றிப் படகில் மிதந்து செல்வதும் அவருடைய நிலத்தில் அத்துமீறி நுழைவதற்குச் சமம் என்பதே அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் சட்ட விளக்கம். தேம்ஸ் போலச் சில ஆறுகளில் மட்டும் பொதுமக்கள் படகோட்டும் உரிமை ஐயத்துக்கு இடமின்றி நிலைத்திருக்கிறது. இங்கிலாந்தின் ஆறுகளில் இப்படிப்பட்டவை ஏறத்தாழ 4 விழுக்காடுதான் என்பது பேடில் யு.கே. அமைப்பின் கணக்கு, பிரிட்டிஷ் கனூயிங் என்று இருந்து 2024-இல் பெயர் மாற்றிக்கொண்ட துடுப்புப் படகோட்டிகளின் சங்கம் அது.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீன்பிடி உரிமை நிலத்திலிருந்து தனியாகப் பிரித்து விற்கவும் குத்தகைக்கு விடவும் கூடிய சொத்து. சால்மன் மீன் ஏறிவரும் ஆறுகளில் அதற்கு நல்ல விலை. கயாக் ஓட்டுவோர் மீன்களைக் கலைத்து அந்த உரிமைக்கு இடையூறு செய்தால், பண நட்டம் நிரூபிக்கப்படாவிட்டாலும் வழக்குத் தொடரலாம் என்று 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மகளை விரட்டியவர் ஆற்றின் அந்த நீட்சியில் மீன்பிடிக்கப் பணம் கட்டியவராக இருந்திருக்கலாம். அவருடைய கோபம் முழுக்க வீம்பு என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், வெறுமனே அத்துமீறி நுழைவது அங்கே பொதுவாக உரிமையியல் விவகாரமே ஒழியக் குற்றம் அன்று என்பதால், அதற்காக மட்டும் போலீஸ் வந்து பிடித்துப் போகும் என்று நீங்கள் அஞ்ச வேண்டாம்.

படகோட்டிகளின் தரப்பு வேறு விதமாக வாதிடுகிறது. பழங்காலத்தில் எல்லா ஆறுகளிலும் மக்களுக்குப் படகோட்டும் உரிமை இருந்தது, அதை எந்தச் சட்டமும் பறிக்கவில்லை என்கிறார்கள். அரசு இதை ஏற்கவில்லை. உயர்ந்த நீதிமன்றம் ஒன்றில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் வைக்க இரு தரப்புமே தயங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது. தோற்றால் இப்போது இருப்பதும் போய்விடும் அல்லவா?

எக்ஸெட்டர் மாணவர்கள் வழக்கமாகப் போவது டார்ட்மூர் மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் டார்ட் ஆற்றுக்கு. நியூபிரிட்ஜ் என்னும் பழைய கருங்கல் பாலத்தடியில், கரையோரப் பாறைத் திட்டு எவ்வளவு முழுகியிருக்கிறது என்று பார்த்து, இறங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வார்கள். பிறகு படகுக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றிய ரப்பர் உறையைப் படகின் வாய் விளிம்பில் இழுத்து மாட்டுவார்கள். கவிழ்ந்தால் உருவி எடுக்க வேண்டிய முன்பட்டை வெளியே தெரிகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் தொட்டுப் பார்ப்பார். அந்த ஆற்றில் அக்டோபர் முதல் மார்ச் வரை ஓட்டிக்கொள்வது என்ற இணக்கமான ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வந்தது. மகளிடம் எந்த மாதம், எந்த நீட்சி என்று கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: குளிர்காலத் தொடக்கத்தில் சால்மன் சரளைக் கற்களுக்கிடையே முட்டையிடும், நீர் வற்றிய நாளில் படகின் அடிவயிறு அந்தச் சரளையைத் தேய்த்துக்கொண்டு போவது எந்தச் சட்டப்படி பார்த்தாலும் நியாயமாகாது.

கேள்வி: ஸ்காட்லாந்தில் இந்தத் தகராறே இல்லையாமே? (வாசகர், மதுரை)

பதில்: அறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2003-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடமாடும் உரிமையை அனைவருக்கும் வழங்கியது. உரிமையாளர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. பிறருக்கும் உயிரினங்களுக்கும் கேடு செய்யாமல் நடந்துகொண்டால் போதும்.

அதற்கு முன் நடந்த ஸ்பே ஆற்று வழக்குதான் சுவையானது. கனூ என்னும் துடுப்புப் படகுப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் படகுகளைத் தடுக்க, கரை நிலத்தாரும் மீன்பிடி உரிமையாளரும் வழக்குத் தொடுத்தனர். அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த லண்டன் பிரபுக்கள் சபை வரை சென்ற அந்த வழக்கு 1976-இல் படகுகளுக்குச் சாதகமாக முடிந்தது. காரணம், முந்தைய நூற்றாண்டுகளில் வெட்டு மரங்களைக் கட்டுக்கட்டாக அந்த ஆற்றில் மிதக்க விட்டுக் கடல்வரை கொண்டுபோயிருந்தார்கள். அந்த நீண்ட பயன்பாடே பொதுவழி என்பதற்குச் சான்றாயிற்று. மரக்கட்டை போட்ட பாதையில் மாணவர்கள் போனார்கள்!

கேள்வி: மழை இல்லாத கோடையிலும் வேல்ஸில் ஓர் ஆறு நுரைத்து ஓடுகிறதே, எப்படி? (வாசகர், மேட்டூர்)

பதில்: மேட்டூர்க்காரருக்கு அணை திறப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வது பாலா என்ற ஊருக்கு அருகிலுள்ள ட்ரிவெரின் ஆறு. அதன் தலைப்பில் செலின் ஏரி அணை இருக்கிறது. கீழே டீ ஆற்றின் ஓட்டத்தைக் கோடையிலும் குறையாமல் வைத்திருக்க அணையிலிருந்து நீர் விடுகிறார்கள். அந்த நீர் பாறைகளுக்கிடையே சரிந்து இறங்கும் நீட்சியில் தேசிய நுரைநீர்ப் படகோட்ட மையம் அமைந்திருக்கிறது. 1981-இல் கனூ சிலாலம் (தொங்கும் கம்பங்களுக்கிடையே வளைந்து படகோட்டும் பந்தயம்) உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. திறப்பு உண்டா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டுதான் படகோட்டிகள் கிளம்புவார்கள்; மதகு மூடிய நாளில் வெறும் பாறைதான் மிஞ்சும்.

ஆனால் அந்த அணையின் கதை இனிப்பானதன்று. லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக, வேல்ஸ் உறுப்பினர்களில் ஏறக்குறைய யாருடைய ஆதரவும் இல்லாமல் 1957-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, காப்பெல் செலின் என்ற வேல்ஷ் மொழி பேசும் சிற்றூர் தேவாலயம், பள்ளிக்கூடத்தோடு 1965-இல் நீரில் மூழ்கியது. 2005-இல் லிவர்பூல் மாநகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. உங்கள் ஊர் நீர்த்தேக்கம் வற்றும்போது பண்ணவாடியில் நந்தி சிலை தலைகாட்டுவது போல, கடும் வறட்சியில் அங்கேயும் பழைய ஊரின் சுவடுகள் வெளியே தெரிகின்றன.

கேள்வி: பயங்கரமான பாறைச் சரிவுகளில் பாய்கிறவர்கள், ஆளுயரம்கூட இல்லாத தடுப்பணையைக் கண்டதும் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துபோவதைக் காணொளியில் பார்த்தேன். ஏன் இந்தப் பயம்? (வாசகர், கோவை)

பதில்: அது பயமன்று, விவரம் தெரிந்த எச்சரிக்கை. இயற்கையான பாறைச் சரிவில் நீர் சிதறி விழுவதால் எங்காவது ஒரு பக்கம் வெளியேற வழி இருக்கும். தடுப்பணை கரைக்குக் கரை ஒரே சீராகக் கட்டப்பட்டது. அதன் அடியில் விழும் நீர் முழு அகலத்துக்கும் பின்னோக்கிச் சுருண்டு, அகப்பட்டவரை மீண்டும் மீண்டும் அணைச் சுவருக்கே இழுத்துக்கொண்டு போகும். உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தாலும், காற்றுக் குமிழ் நிறைந்த அந்த நுரை உடலைத் தாங்காது. மேலிருந்து வருபவர் கண்ணுக்கோ அது ஒரு நேர்க்கோடு போலத்தான் தெரியும்.

அதனால்தான் திருச்சி வாசகியின் கேள்வி வெறும் சட்டத் தகராறு அல்ல. அணைக்கு முன்பே கரையேறி, சுற்றி நடந்து, கீழே மறுபடி இறங்க ஒற்றையடிப்பாதை அகலம் போதும். இங்கிலாந்தின் பல ஆறுகளில் அப்படிக் கரையேற வேண்டிய இடத்தில் தனியார் வேலி நிற்கிறது.