பாலைவன மலையில் குளிர்கால ஏற்றம்

கேள்வி: குளிர்காலத்தில் பத்துப் பேராகச் செங்குத்தான பாலைவன மலை ஒன்றில் ஏறப்போகிறோம். வெயில் கடுமையாக இராதே, தண்ணீரையும் உடையையும் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டையும் குறைக்காதீர்கள். குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே உடல் நீரை இழக்கும். முழுநாள் ஏற்றத்துக்கு ஆளுக்கு 3 லிட்டராவது வேண்டும். உறையும் குளிர் என்றால் குடுவையைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேற்பரப்பில்தான் முதலில் உறையும், மூடி அடைபடாது.

பருத்தி உடை கூடவே கூடாது. ஏறும்போது வியர்வையில் நனைந்து, உச்சியில் நின்றதும் உடம்பை விறைக்கவைப்பது அதுதான். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், வெளியே காற்றுப் புகாத மேலங்கி. லேசாகக் குளிரும் அளவுக்கு மட்டும் உடுத்திக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். வியர்த்த பிறகு கழற்றிப் பயனில்லை. வறண்ட காற்றில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் வரை குறையலாம்.

குழுவாகப் போகும்போது நான் அதிகம் அஞ்சுவது உதிரிக் கற்களைத்தான். சரளைச் சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் ஏறக் கூடாது. கல் உருண்டால் உடனே உரக்கக் கத்துங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால், அனுபவசாலி கடைசியில்.

பகல் குறுகியது. திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவுசெய்து, உச்சியை எட்டாவிட்டாலும் அப்போது இறங்கிவிடுங்கள். ஆளுக்கொரு தலைவிளக்கு அவசியம்.