பாட்டி கேட்ட ஸ்கோர்

அன்புள்ள ஐயா,

2025-இல் இங்கிலாந்தில் நம் கிரிக்கெட் அணி ஆடிய டெஸ்ட் தொடர் 2-2 என்று முடிந்ததை ஏதோ கோப்பையே வாங்கியதுபோலக் கொண்டாடுகிறார்கள். வேகப்பந்து வீச்சாளர் பும்ரா ஐந்து டெஸ்டும் ஆடியிருந்தால் தொடரையே ஜெயித்திருக்கலாம் அல்லவா? மான்செஸ்டரில் ஒன்றரை நாள் தடுத்தாடிக் கட்டை போட்டு டிரா செய்தார்கள். என் மகன் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். முடிவே இல்லாத ஆட்டத்தை எதற்குப் பார்க்கிறாய் என்று டிவியை அணைத்துவிட்டேன். நான் செய்தது சரிதானே?

கா., திருமங்கலம்

அன்புள்ள கா.,

சரியில்லை.

பும்ராவை விடுங்கள். இந்தத் தொடரில் நாம் ஜெயித்த பர்மிங்காம், ஓவல் இரண்டிலும் அவர் ஆடவில்லை. அவருடைய முதுகு வலி அவருக்குத் தெரியும்.

மான்செஸ்டருக்கு வாருங்கள். 311 ரன் பின்தங்கிய நிலையில் இரண்டாவது இன்னிங்ஸில் இறங்கி, முதல் ஓவரிலேயே பூஜ்யத்துக்கு இரண்டு விக்கெட். அங்கிருந்து 143 ஓவர் நின்றார்கள். ராகுல், கில், அப்புறம் ஜடேஜாவும் நம் வாஷிங்டன் சுந்தரும். போதும், டிராவென்று முடித்துக்கொள்வோம் என்று இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் கை நீட்டியபோதுகூட அந்த இரண்டு பேரும் கை கொடுக்கவில்லை. ஆளுக்கொரு சதம் அடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். இதைப் போய் முடிவே இல்லாத ஆட்டம் என்கிறீர்கள். வெளியூர் பிட்ச், வெளியூர்க் காற்று, எதிரே ஊரே திரண்டு உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பேர் சேர்ந்தும் அவுட்டாக்க முடியவில்லை. அதுதானய்யா முடிவு. ஐபிஎல் பார்த்துப் பார்த்து உங்களுக்கு நாக்கு செத்துவிட்டது.

எனக்கு டிராவைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பாட்டி. 1979 செப்டம்பர் 4, லண்டன் ஓவல் மைதானம், இங்கிலாந்துடன் டெஸ்டின் கடைசி நாள். கேப்டன் நம் வெங்கட்ராகவன். (ஊர் திரும்பும் விமானத்திலேயே அவருக்குப் பதவி போன கதை தனி. இன்னொரு நாள் எழுதுகிறேன்.) எனக்குப் பதினோரு வயது. மதுரை முனிச்சாலையில் எங்கள் பக்கத்து வீட்டுச் சௌராஷ்ட்ரப் பாட்டி சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுமுன் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போடுபவர். எங்கள் வீட்டில் குண்டு பல்பு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சேலையோடு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். துணியை நகநுனியால் ஒரு கிள்ளு கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி ஒரு இழு. அடுத்த புள்ளி. ரேடியோ இங்கிலீஷ் அவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. தலை நிமிராமல் அவ்வப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "நம்ம பிள்ளை நிக்கிறானா?"

நின்றான். கவாஸ்கர் 221. ஜெயிக்க 438 வேண்டும். அவர் அவுட்டானதும் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ரேடியோவைத் திட்டினார். கடைசியில் நேரம் முடிந்து ஆட்டம் டிரா ஆனபோது 8 விக்கெட்டுக்கு 429.

"ஒன்பது ரன்னுல போச்சே" என்றார் அப்பா.

பாட்டி அப்போதுதான் நிமிர்ந்தார். "ரெண்டு பேரு இன்னும் நிக்கிறாங்கன்னுதானே சொன்னே? அப்புறம் எங்க போச்சு?" அப்பாவிடம் பதில் இல்லை. பாட்டி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விட்டார்.

உங்கள் மகனுக்கு ஹைலைட்ஸ் போட்டுக் காட்டிச் சமாளிக்காதீர்கள். கட்டை போட்டதெல்லாம் அதில் வராது. அடுத்த முறை ரிமோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். புரியாவிட்டால் பாட்டி கேட்டதையே அவனிடம் கேளுங்கள்.