திருகோணமலைக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு: மான்குட்டியைத் தூக்க வேண்டாம்

தங்கச்சி, "கல்யாணமாகி திருச்சியிலிருந்து திருகோணமலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன், தெருவில் ஒரு நாய் காலை இழுத்துக்கொண்டு திரிகிறது, கோட்டைப் பக்கம் மான்குட்டி ஒன்று தனியாகக் கிடந்தது, யாரிடம் சொல்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே விசா, வீட்டு வாடகை, பள்ளிக்கூடம். அதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், விசாவை உங்கள் வீட்டுக்காரரே அலைந்து முடிக்கட்டும். மான், நாய் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் மான்குட்டி. தனியாகக் கிடந்தால் அநாதை என்று அர்த்தமில்லை. தாய்மான் குட்டியை ஒரு மறைவில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். அசையாமல் கிடப்பதுதான் அந்தக் குட்டிக்குப் பாதுகாப்பு. காயம் இல்லை, ஈ மொய்க்கவில்லை, ஓயாமல் கத்தவில்லை என்றால் விலகிப் போய்விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கிற வரைக்கும் தாய் வராது. தூக்கிவந்து பசும்பால் கொடுத்தால் கழிச்சல் கண்டு சாகும். போதாததற்கு, வனவிலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்க 1937இல் வந்த கட்டளைச் சட்டம் இங்கே இருக்கிறது. மானை வீட்டில் வைத்திருந்தால் குற்றம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு பொலிஸில் நின்று, காப்பாற்றத்தான் வைத்திருந்தேன் என்று விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

நிஜமாகவே அடிபட்டிருந்தால் 1992க்கு எடுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண் அது. மறுமுனையில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் சிங்களத்தில் "முவெக் துவால வெலா" (மானுக்குக் காயம்) என்று சொல்லி, கோட்டை வாசலா, கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கமா, பஸ் ஸ்டாண்டா என்று இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை சுற்றி நிற்கிற கூட்டத்தைக் கலைப்பதுதான் உங்கள் வேலை. எழுந்து நடக்கிற மானை யாரும் துரத்திப் பிடிக்க விடாதீர்கள். துரத்தப்பட்ட பயத்திலும் ஓட்டத்திலும் மானின் தசைகள் சிதைந்துபோகும். பிடிபட்ட பிறகு சில நாள் கழித்துக்கூட அதனால் செத்துவிடும். எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் ஒரு துணியைக் கண்மேல் மெதுவாகப் போட்டு, சத்தமில்லாமல் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இவ்வளவும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக்காரர் குடும்பம் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது அவர்களோடு வந்தவள் நான். பாதிக் கூரை இல்லாத வீடு, தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது. ஒரு சாயங்காலம் ஒழுங்கைக்குள் நாய்கள் ஒரு மான்குட்டியைத் துரத்திவந்து பின்தொடையைக் கிழித்துவிட்டன. ஓடிப்போய் ஓர் அலுவலகத்தின் கதவைத் தட்டினேன். இன்று போயா (பௌர்ணமி விடுமுறை), நாளைக்கு வாங்கோ என்றார் காவலாளி. இன்னோர் இடத்துக்குப் போன் போட்டால், அது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். விடியுமுன் குட்டி செத்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. அதன் பிறகுதான் சிங்களத்தில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன், எந்த மிருக வைத்தியர் எத்தனை மணிக்கு இருப்பார், எந்த ஓட்டோக்காரர் நாயை ஏற்றுவார் என்று தெரிந்து வைத்துக்கொண்டேன். இன்று எங்கள் தெருவில் பூனைக்கு ஒன்று என்றாலும் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

நம் ஊரிலிருந்து வேலைக்கு வந்த சிலர், சென்னையில் ப்ளூ கிராஸ் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று புலம்புவார்கள். 1959இலிருந்து சென்னையில் அது இருப்பது நல்லதுதான். ஆனால் வந்து வருடங்களாகியும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாதவர்களுக்கு இந்த ஊரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர்கள் பேச்சைக் கேட்டு வீட்டுக்குள் அடைந்துவிடாதீர்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகும்போது மானுக்குப் பாணும் பிஸ்கட்டும் நீட்டுகிறவர்களைப் பார்ப்பீர்கள். நீங்கள் செய்யாதீர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் ஆண் மான் சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனை மென்றுகொண்டு நின்றதைப் பார்த்தேன். பாதி உள்ளே போய்விட்டது, மீதி கடைவாயில் தொங்குகிறது, அதில் குழம்பின் எண்ணெய். உள்ளே போனது செரிக்காது, வெளியேயும் வராது. வயிறு நிறைந்தது போல் இருக்கும், மான் பட்டினியில் மெலிந்து சாகும்.

இனி நாய். வலியில் இருக்கிற நாய் சோறு போட்ட கையையும் கடிக்கும். தடித்த துவாயைப் போர்த்தித் தூக்குங்கள், முகத்தருகே குனியாதீர்கள். நாய் கடித்தாலோ, பூனையோ குரங்கோ பிறாண்டினாலோ, சின்னக் கீறல்தானே என்று விடாமல் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள் வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு மருந்து கிடையாது.

2006இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் தடுப்பூசியும் கருத்தடையும் அதே வேகத்தில் நடக்க வேண்டாமா? உப்புவெளிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை சுற்றுலாப் பயணிகள் நாய்களுக்குப் பெயர் வைத்து, கோழி இறைச்சி போட்டு, படமெடுத்துக்கொள்வார்கள். வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் ஆளும் இல்லை, சோறும் இல்லை. சீசனில் பிறந்த குட்டிகள் மழையில் கிடந்து சாகும். சோறு போடுகிறவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டுப் போகலாம், யாரும் கேட்பதில்லை.

என் மாமியார் இருந்தபோது மழை மாதங்களில் மீன் தலையும் குறுணல் அரிசியும் போட்டு ஒரு பெரிய சட்டி நிறையக் காய்ச்சுவார். சைக்கிளில் அதைக் கட்டிக்கொண்டு நானும் அவரும் போவோம். கரைவலைக்காரர்கள் பார்த்துவிட்டு, விலைபோகாத மீனைச் சாக்கில் போட்டுத் தர ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் எனக்கு முதலில் பழக்கமானது அவர்கள்தான், இன்றைக்கும் மழை மாதம் வந்தால் அந்தச் சாக்கு என் வீட்டு வாசலில் இருக்கும்.