டிரெய்லர் பின்விளக்குகள்: கேள்வி பதில்

கேள்வி: பிரேக் மிதித்தால் டெயில் லைட் மங்குது, இண்டிகேட்டரும் லேசா எரியுது. பல்பு எல்லாம் புதுசுதான் அண்ணே.

பதில்: பல்பில் குற்றம் இல்லை, எர்த்தில்தான் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி). திரும்பிப்போக வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் தப்பிக்கப் பார்க்கிறது. டெயில் லைட்டைப் போட்டு, பிரேக்கையும் மிதிக்கச் சொல்லுங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை 24 வோல்ட் வண்டியின் 7 முள் சாக்கெட்டில் 1-ஆம் முள்ளிலும் (வெள்ளை ஒயர், எர்த்), மறுமுனையை விளக்கின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ துரு. முதலில் சாக்கெட் முள், பிறகு சேஸிஸ் போல்ட். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முறுக்குங்கள். முறுக்கிச் சுற்றிய டேப் ஜாயின்ட் இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள்.

இன்னொன்று: 1-ஆம் முள் அறுந்திருந்தாலும், இழுக்கும் வண்டியோடு சேரும் கொக்கி வழியாக எர்த் கிடைத்து விளக்கு சில நேரம் எரியும். திருப்பத்தில் அணையும். கிரீஸ் பூசிய இரும்பை எர்த் என்று நம்பக் கூடாது.

கேள்வி: எல்இடி போட்டதும் இண்டிகேட்டர் படபடன்னு அடிக்குது.

பதில்: 24 வோல்ட்டில் 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும். எல்இடி இழுப்பது அதில் சிறு பங்கு, அதனால் இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர் 'பல்பு போச்சு' என்று நினைத்து வேகமாக அடிக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைதான் சரி. எல்இடிக்கான பிளாஷரே மேல். பல்பு அளவுக்கு மின்சாரம் இழுக்க ரெசிஸ்டர் போட்டே ஆகவேண்டுமானால், அது சூடாகும் என்பதால் இரும்புத் தகட்டில் போல்ட் செய்யுங்கள். பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருகும்.

கேள்வி: முக்கோண ரிஃப்ளெக்டர் எப்படி மாட்டணும் சார்?

பதில்: கூர்முனை மேலே. வண்டி விளக்குகளுக்கான ஐ.நா. 48-ஆம் விதிப்படி தரையிலிருந்து 250 முதல் 900 மி.மீ. உயரம், வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 400 மி.மீ.க்குள்.

கேள்வி: ரிஃப்ளெக்டிவ் டேப் ஓரம் தூக்குது.

பதில்: சோப்பு நீரில் கழுவியது போதாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் ஒட்டி, தட்டையான ரப்பர் துண்டால் தேய்த்து அழுத்துங்கள். ரிவெட் தலைமேல் ஒட்டாமல் அங்கே வெட்டிவிடுங்கள். கதவு இடுக்கிலும் அப்படியே. குளிர்ந்த தகட்டில் பசை பிடிக்காது. அதே ஐ.நா. விதிப்படி பின்புறத்துக்குச் சிவப்பு அல்லது மஞ்சள், பக்கவாட்டுக்கு வெள்ளை அல்லது மஞ்சள்.