இரும்பு ப்ரீஃபாப் கட்டிடம் வீட்டு ஸ்டூடியோவுக்குச் சரிவருமா?

கொழும்புக்குக் கிட்ட தெஹிவளையில், வீட்டுக்குப் பின்னால் இரும்பு ப்ரீஃபாப் அறை (தொழிற்சாலையில் செய்த துண்டுகளைக் கொண்டுவந்து பூட்டுவது) போட்டு அதில் பாட்டு ரெக்கோர்ட் பண்ணலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பண்ணலாம், ஆனால் கம்பனிக்காரர் பூட்டித் தருவது வெறும் கூடுதான்.

சத்தத்தைத் தடுப்பது எடை. அரை மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு சுமார் 4 கிலோதான், பூசிய செங்கல் சுவரோ 200 கிலோவைத் தாண்டும். அதனால் உள்ளே இன்னொரு அறை கட்டவேண்டும்: இரும்பைத் தொடாத தனிச் சட்டம், இடையில் றொக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு), அதன்மேல் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, சீலிங்கும் அப்படியே. ஒரு ஆணி இரும்பில் முட்டினாலும் அந்த வழியாகவே மழைச்சத்தம் இறங்கிவிடும், தென்மேல் பருவத்தில் தகரக் கூரை போடும் சத்தம் உங்களுக்குத் தெரியாததா! முட்டைத் தட்டு, ஃபோம் எல்லாம் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்றாது.

அப்புறம் ஈரம். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குளிர்நாட்டு வீடியோக்களில் ஆவித்தடுப்புத் தாளை அறைப்பக்கம் போடச் சொல்வார்கள். ஏசி ஓடும் கொழும்பு அறைக்கு அது தலைகீழ், வெளித் தகட்டுப் பக்கம்தான் போடவேண்டும், இல்லாவிட்டால் வெளி ஈரக்காற்று குளிர்ந்த ஜிப்சத்தின் பின்னால் வேர்த்து பூஞ்சணம் பிடிக்கும். கடலுக்குக் கிட்ட என்றால் திருகாணிகளும் வெட்டிய ஓரங்களும்தான் முதலில் துருப்பிடிக்கும், வருசா வருசம் பாருங்கள்.

இவ்வளவு இறுக்கமாக மூடிய அறைக்கு சாதாரண ஸ்ப்ளிட் ஏசி புதுக்காற்றுத் தராது, உள்ளே இருப்பதையே சுழற்றும். சத்தம் கசியாமல் புதுக்காற்று வர, வளைத்து எடுத்த, உள்ளே றொக்வூல் ஒட்டிய காற்றுக்குழாய் ஒன்றை முதலிலேயே பிளானில் சேருங்கள்.