“இனி வெள்ளம் வராதுதானே அம்மா?”

கேள்வி: 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது, வெல்லம்பிட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. இரவோடிரவாக அயல்வீட்டு மாடியில் ஏறித் தப்பினோம். மூன்று மாதமாகியும் எட்டு வயது மகன் மழை இருட்டினாலே அழுகிறான், பாடசாலைக்குப் போக மறுக்கிறான், படுக்கையை நனைக்கிறான். “இனி வெள்ளம் வராதுதானே?” என்று ஓயாமல் கேட்கிறான். பதினைந்து வயது மகள் யாருடனும் பேசுவதில்லை. அந்தப் பேச்சையே எடுக்காவிட்டால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்கிறார் கணவர். மாமி நூல் கட்டச் சொல்கிறார். உறவினர் ஒருவர் தூக்க மருந்து கொடுக்கச் சொல்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, வெல்லம்பிட்டி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகனுடைய பயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. “வராது” என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். 2016 மே மாதத்திலும் இதே கங்கை உங்கள் பகுதிக்குள் புகுந்தது. இன்னொரு முறை முற்றத்தில் தண்ணீர் நின்றால், மழையோடு சேர்த்து உங்கள் சொல்லையும் அவன் நம்பாமல் போய்விடுவான். “வரக்கூடும், வந்தால் என்ன செய்வதென்று அப்பாவுக்கும் எனக்கும் தெரியும், உனக்கும் காட்டித் தருகிறேன்” என்று சொல்லுங்கள், சொன்னதைச் செய்தும் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் பொலித்தீன் உறையில் இட்டு, டோர்ச் லைட்டோடு ஒரு பையில் வையுங்கள். அவனுக்குப் பிரியமான ஒரு பொருளை அவனே தெரிந்தெடுத்து அதற்குள் வைக்கட்டும். எந்த வழியால், யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு போவது என்பதை, வெயில் அடிக்கும் ஒரு பகலில் நடந்து பாருங்கள். நாகலகம் வீதியில் நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கும் ஆற்று நீர்மட்டத்தை, மழை நாட்களில் ஒரு முறை மட்டும் அவனோடு சேர்ந்து பார்க்கலாம். மழை பெய்யும் நாளெல்லாம் ஆறு பெருகுவதில்லை என்பதை அவன் தன் கண்ணாலேயே கண்டுகொள்வான்.

பேச்சை எடுக்கக்கூடாது என்று உங்கள் கணவர் சொல்வது பிள்ளைகள் மீதுள்ள பாசத்தினால்தான். ஆனால் பெரியவர்கள் வாய் திறக்காத விடயத்தைப் பிள்ளைகள் மறப்பதில்லை. அம்மாவும் அப்பாவும்கூட அஞ்சும் அளவுக்கு அது கொடியது என்றே விளங்கிக்கொள்கிறார்கள். அதற்காக அவனை உட்கார வைத்து, அன்றிரவு நடந்ததைச் சொல் என்று வற்புறுத்துவதும் கூடாது. அவனாகத் தொடங்கும்போது செய்யும் வேலையை விட்டுவிட்டுக் கேளுங்கள். தவறாக விளங்கிக்கொண்டிருப்பதை மட்டும் திருத்துங்கள். பேசினில் தண்ணீர் நிரப்பி, விளையாட்டு வீடுகளை மூழ்கடித்து அவன் விளையாடினால், அபசகுனம் என்று தடுக்க வேண்டாம். சிறு பிள்ளைகள் நடந்ததைத் தமக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வழி அது. ஒரே விளையாட்டு, ஒரே பயங்கர முடிவோடு வாரக்கணக்காக நீண்டு, விளையாடிய பின்னும் அவன் கலங்கியே இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் வரும் வெள்ளக் காணொளிகளை அவன் முன்னால் போட்டுப் பார்ப்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்தவேண்டும்.

படுக்கை நனைவதற்காக ஏசவோ, அக்காவுக்கும் உறவினர்களுக்கும் முன் சொல்லிக் காட்டவோ வேண்டாம். பேரிடருக்குப் பின் பிள்ளைகளிடம் இது அடிக்கடி காணப்படுவதுதான். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலும், இதற்காகத் தண்டிப்பது பிள்ளையைப் பாதிக்கும் என்பதைப் பெற்றோருக்கு விளக்கச் சொல்கிறது. மாற்று விரிப்பொன்றைக் கட்டிலருகே வைத்திருந்து, இரவில் பேச்சில்லாமல் மாற்றிவிட்டு அவனைத் தூங்க வையுங்கள். அதே வழிகாட்டல், பேரிடர் அதிர்ச்சியினால் தூக்கம் கெட்ட பிள்ளைகளுக்கு பென்சோடயசெபீன் வகைத் தூக்க மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்றும் கூறுகிறது. ஆகவே உறவினர் சொல்லும் மருந்தை ஒருபோதும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மாமி கோயிலில் நூல் கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. பேய் பிடித்தது, பார்வை பட்டது என்று அவன் காதுபடச் சொல்லாமல் இருந்தால் போதும்.

முதல் சில வாரங்களில் இவை பல பிள்ளைகளிடம் தோன்றி, பெரும்பாலும் தானாகவே தணியும். உங்கள் மகனுக்கு மூன்று மாதமாகியும் தணியவில்லை, பாடசாலையும் தடைப்படுகிறது. ஆகையால் பொரளையில் உள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று சிறுவர் உளநல வைத்தியரிடம் காட்டுங்கள். வகுப்பாசிரியருக்கும் விபரத்தைச் சொல்லி வையுங்கள். வகுப்பில் மழைச் சத்தம் கேட்கும்போது அவர் பக்கத்தில் வந்து நிற்பதே அவனுக்குப் பெரிய உதவி.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவளைப் பற்றிய கவலையே அதிகம். அழுகிற பிள்ளையை வீடே கவனிக்கும். ஒதுங்கி இருக்கும் பிள்ளையைப் பொறுப்பானவள் என்று விட்டுவிடுவோம். அவள் வயதுப் பிள்ளைகள், தம்பியைத் தூக்க முடியவில்லையே, அம்மாவுக்கு உதவவில்லையே என்ற குற்ற உணர்ச்சியைச் சுமப்பதுண்டு. சாதாரண தரப் பரீட்சைக்கு எழுதிய குறிப்புக் கொப்பிகள் சேற்றில் போயிருந்தால் அதுவே அவளுக்குப் பேரிழப்பு. தோழிகளின் கொப்பிகளை வாங்கிப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிப்பதைவிட, சமையலறையில் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பேச்சுக் கொடுத்தால் பதில் வரக்கூடும். சாப்பாடும் தூக்கமும் குறைந்திருக்கின்றனவா, முன்பு விரும்பிச் செய்தவற்றைக் கைவிட்டிருக்கிறாளா என்று பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற சாயலில் எதையாவது சொன்னால், “சாகவேண்டும் என்று நினைத்தாயா?” என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றாலோ மழுப்பினாலோ, அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறும் நேரத்தில், தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு நீங்களும் அழைக்கலாம், அவளும் அழைக்கலாம்.