எதிர்க்காற்று வேண்டும் கோபுரம்

கேள்வி: மகன் நார்வே நாட்டு ஆஸ்லோவில் வேலை பார்க்கிறான். ஆடி மாதம் எங்களைக் கூட்டிப்போகிறான். ஹோல்மன்கோலன் என்ற பனிச்சறுக்குக் கோபுரத்தையும் அங்குள்ள அருங்காட்சியகத்தையும் காட்டுகிறேன் என்கிறான். என் வீட்டுக்காரர் காலமெல்லாம் வள்ளத்தில் போனவர். "பனியே இல்லாத நாளில் அங்கே எதைப் பார்ப்பது?" என்கிறார். போகலாமா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. அண்ணனை விட்டுவிட்டுப் போகாதீர்கள். காற்றோடு வாழ்ந்தவர் பார்க்க வேண்டிய இடம் அது.

என் தங்கை மகன் அங்கே படித்தபோது நானும் கோடையில்தான் போனேன். ஃப்ரொக்னர்செட்டரன் போகும் 1-ஆம் எண் மெட்ரோவில் ஏறி, ஹோல்மன்கோலனில் இறங்கி, கொஞ்சம் ஏற்றத்தில் நடக்க வேண்டும். கோபுரத்துக்குள் லிப்ட் சரிவாகவே ஏறுகிறது. அதற்கப்புறமும் படிகள் உண்டு, மூட்டுவலி இருந்தால் நிதானமாக ஏறுங்கள்.

மேலே போனதும் எல்லோரும் ஆஸ்லோ நகரத்தையும் கடலையும் பார்த்துப் படம் எடுப்பார்கள். நீங்கள் சறுக்குத் தடத்தைப் பாருங்கள். காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு இதில் சறுக்கி வந்து, நுனியில் தாவி, எவ்வளவு தூரம் பறக்கிறார்கள் என்பதுதான் போட்டி. பனி இல்லாத நாளில் அதன் வடிவம் இன்னும் தெளிவாகத் தெரியும். வீரர் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி வந்து தாவுகிற நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும் என்று நினைப்போம். இல்லை, அதுவும் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கிறது. காலால் உந்தி, உடம்பைப் பலகைகளின் மேல் படுக்கிற மாதிரி சாய்த்து, காற்றின் மேலேயே போகிறார்.

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். நம் பாய்மரத்துக்குப் பின்னாலிருந்து வருகிற காற்று நல்லது. இவர்களுக்கு எதிர்க்காற்றுதான் வேண்டும், அதுதான் தூக்கிப் பிடிக்கும். பின்காற்று கீழே அமுக்கிவிடும். அதனால் எதிர்க்காற்று கிடைத்தவருக்குப் புள்ளியைக் குறைக்கிறார்கள், பின்காற்றில் தாவியவருக்குக் கூட்டுகிறார்கள். காற்றுக்குக் கணக்குப் போட்டு நியாயம் செய்கிற விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 2010-ல் கட்டி முடித்த இப்போதைய எஃகுக் கோபுரத்தில் காற்றுத் தடுப்பும் சேர்ந்தே இருக்கிறது.

1892-ல் அந்த மலையில் நடந்த முதல் போட்டியில் மிக நீண்ட தாவல் 21.5 மீட்டர். இன்றைய சரிவின் அளவு, அதாவது பத்திரமாகத் தாவி இறங்கக்கூடிய தூரத்தின் கணக்கு, 134 மீட்டர். 1980-கள் வரை பலகைகளை இணையாக வைத்தே பறந்தார்கள். ஸ்வீடனின் யான் போக்லோவ் முன்பக்கத்தை விரித்துப் பறந்தபோது, அழகாக இல்லை என்று நடுவர்கள் மதிப்பெண்ணை வெட்டினார்கள். அப்படியும் 1988-89 உலகக் கோப்பையை வென்றார். இப்போது எல்லோரும் அவர் வழிதான்.

அருங்காட்சியகம் 1923-ல் திறந்தது. நான்சன் 1888-ல் கிரீன்லாந்தைப் பலகையில் கடந்தவர். அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை அடைந்தவர். இவர்களின் பயணச் சாமான்கள் அங்கே இருக்கின்றன. அவசரப்படாமல் பாருங்கள்.

கேள்வி: அவ்வளவு தூரம் பறந்து விழுந்தால் கால் முறியாதா சார்?
– பள்ளி மாணவன், தொண்டி

பதில்: சமதரையில் விழுந்தால் முறியும் தம்பி. அவர் பறக்கிற பாதைக்கு ஏற்றபடியே கீழே நிலமும் சரிந்துகொண்டே போகிறது. டிவியில் பார்க்க மேகத்தில் போவது போலத் தெரிந்தாலும், தரை அவருக்குச் சில மீட்டர் கீழேதான் இருக்கிறது. பலகை சரிவை ஒட்டித் தொடுவதால் அடி பலமாக விழாது. ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி இறங்குவார்கள். தெலமார்க் இறக்கம் என்று பெயர், அதற்கும் மதிப்பெண் உண்டு.

கேள்வி: பெண்கள் தாவுகிறார்களா?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: தாவுகிறார்கள். ஆனால் ஒலிம்பிக்கில் ஆண்கள் 1924-லேயே தாவினார்கள், பெண்களுக்கு 2014-ல் சோச்சியில்தான் இடம் கிடைத்தது. அது பெரிய அநியாயம். முதல் தங்கம் ஜெர்மனியின் கரீனா ஃபோக்ட்டுக்கு. அதற்கு நான்கு வருடம் முன்பே, ஹோல்மன்கோலனின் புதிய மேடையில் அதிகாரப்பூர்வமான முதல் தாவலை யார் செய்வது என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது அனெட் சாகன் என்ற பெண்ணை.